கூடத்துக் கொடியும் கொல்லைப்புறக் குழாயும்

உயிர்ப்புக் காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்வது நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். தீர்த்தச் செம்பைச் சுமந்த பீடச் சிறுவனோடு தெருத் தெருவாக நடக்கையில், பீடத்தில் நின்று பார்க்கும்போது புலப்படாத பலவும் புலப்படும். எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் கூடத்தில் கால் வைத்ததுமே பாதி விளங்கிவிடும். சென்ற சித்திரையில் அவ்வாறு சென்ற ஒரு வீட்டில் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

தருமபுரி நகரை ஒட்டிய புதுக் குடியிருப்பு அது. நல்ல குடும்பம், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர்கள், ஆலயக் காரியங்களுக்குக் கை சுருக்காதவர்கள். கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, வெள்ளைப் பீங்கான் தொட்டியில், தென்னை நார் சுற்றிய கம்பைப் பற்றிக்கொண்டு நம் தோளுயரத்திற்கு ஒரு கொடி நின்றது. முறம் போன்ற இலைகள். ஒவ்வோர் இலையிலும் கத்தரித்தாற்போன்ற பிளவுகள். பச்சை பாதி, பால் வெண்மை பாதி. வீட்டு அம்மையார் பெருமையோடு சொன்னார்: "மான்ஸ்டெரா, சாமி. வெள்ளை விழுந்த வகை. லேசில் கிடைக்காது. பெங்களூரிலிருந்து வரவழைத்தோம்." விலையையும் சொன்னார். நம் உபதேசியாரின் ஒரு மாத ஊதியம் நம் நினைவில் வந்து போயிற்று.

"இலை நுனி ஏன் கருகியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டோம்.

"போர் தண்ணீர் ஊற்றினேன், சாமி. அதில் உப்பு அதிகமாம். அன்றிலிருந்து இதற்கு கேன் தண்ணீர்தான். பாருங்கள், புதிதாக வரும் இலையில் கருகலே இல்லை."

பின்னர்க் கொல்லைப்புறத்திலும் தீர்த்தம் தெளிக்கச் சென்றோம். அங்கே, அவ்வீட்டில் வேலை செய்யும் பெண் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் இரண்டு குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தம் வீட்டிற்குக் குடிக்கவும் சமைக்கவும் எடுத்துச் செல்லும் நீர் அது. தெருவில் காவிரி நீர் வரும் வேளையில் அவர் இங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். உடன் நின்ற மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பெயர் கேட்டோம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்த கணமே உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் நாம் பார்த்துவிட்டோம். பற்களின் குறுக்கே பழுப்புக் கோடுகள்.

தருமபுரியில் வாழும் எவருக்கும் அந்தக் கோடுகளின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கூடத்தில் ஒரு கொடியின் இலை நுனி கருகியது, வீட்டார் பதறினர், நீரை மாற்றினர். கொல்லைப்புறத்தில் ஒரு குழந்தையின் பல் கறைபட்டு நின்றது; அதை எவரும் கண்டதாகவே தெரியவில்லை.

செடி வளர்ப்பதே வீண் என்று இனி நாம் எழுதப்போவதாக வாசகர் எண்ண வேண்டாம். அந்த அம்மையார் கொடிக்குச் செய்தது முற்றிலும் சரி. நோயைக் கண்டார், காரணத்தை விசாரித்தார், செலவு செய்து நீக்கினார். கொடியோடு நின்றுவிட்டார் என்பதே நம் வழக்கு. அந்த வழக்கை முறையாக வைக்க வேண்டுமானால், முதலில் கொடியின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அந்த அம்மையாரின் அக்கறையில் பாதி கூட இல்லாமல், அலங்காரத்திற்கென வாங்கிக் கொல்பவர்களே நம்மிடையே மிகுதி.

கொடியின் வீடு எது?

மான்ஸ்டெரா நம் சேப்பங்கிழங்குக்கும் கருணைக்கிழங்குக்கும் உறவு, ஒரே குடும்பம். கருணைக்கிழங்கைப் புளி சேர்க்காமல் சமைத்தால் நாக்கு அரிக்கிறதல்லவா? அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இக்கொடியின் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதைத் தரையில் வைப்பது அறியாமை. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

இதன் பிறப்பிடம் தெற்கு மெக்சிகோ தொடங்கிப் பனாமா வரையுள்ள மழைக்காடு. அங்கே இது பெரு மரங்களின் மீது காற்று வேர்களை ஊன்றி ஏறுகிறது. ஏறும் உயரத்திற்கு ஏற்ப இலை பெருகுகிறது, பிளவுகள் விழுகின்றன. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லையேல் இலைகள் சிறுத்தே நிற்கும். மான்ஸ்டெரா இனத்தின் இன்னொரு வகையைக் கோஸ்டாரிகா காட்டில் ஆராய்ந்த இரு அறிஞர்கள் 1975-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நிலத்தில் முளைத்த அதன் இளங்கொடி ஒளியை நோக்கிச் செல்வதில்லை. இருளை நோக்கி ஊர்கிறது. காட்டுத் தரையில் மிகக் கருத்த இடம் பெருமரத்தின் அடி. அதைத் தேடி அடைந்த பிறகே மேல்நோக்கித் திரும்பி ஒளிக்கு ஏறுகிறது. இருளுக்குள் செல்லும் அந்தக் கொடிக்கும் தேவை ஒளிதான்.

இத்தகைய உயிரை நாம் என்ன செய்கிறோம்? கூடத்தின் மூலையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில், சோபாவின் நிறத்திற்குப் பொருத்தமாக நிறுத்துகிறோம். "வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறோம். நம் கண் ஏமாற்றுகிறது. நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். கண்மணி விரிந்து சரிசெய்துகொள்வதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. இலைக்குத் தெரிகிறது. அதிலும் வெண்மை விழுந்த இலையில் வெள்ளைப் பகுதிக்குப் பச்சையம் இல்லை; அது உணவு ஆக்காது. பச்சைப் பாதி உழைத்து வெள்ளைப் பாதியையும் தாங்குகிறது. ஆகவே பச்சை வகையைவிட இதற்குக் கூடுதல் ஒளி தேவை. அதே வேளையில், நம் ஊர்ச் சித்திரை, வைகாசி மாதங்களின் மேற்கு வெயில் நேரடியாகப் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் காகிதம் போல் காய்ந்து போகும். கிழக்கு நோக்கிய சன்னலை ஒட்டி வைப்பதே நலம்.

மூன்று பொய்கள்

செடியைப் பற்றி நம் வீடுகளில் மூன்று பொய்கள் உலவுகின்றன.

முதலாவது, கொடி செல்வம் கொண்டுவரும் என்பது. மான்ஸ்டெராவின் எளிய உறவான மணி பிளான்டைப் பற்றி இதை நம்பாத தெருவே இல்லை. அதிலும், பிறர் வீட்டிலிருந்து திருடிக் கொண்டுவந்தால்தான் அது தழைக்கும் என்று சொல்வார்கள். ஏழாம் கட்டளையை மீறினால் செல்வம் வளரும் என்று மறைக்கல்வி படித்தவர்களே கூறக் கேட்டிருக்கிறோம்! பிரெஞ்சு பொலினீசியாவின் மூரேயா தீவில் பிறந்த அந்தக் கொடிக்கு நம் பணப்பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்னும் சுரப்பு அதற்குப் போதிய அளவில் உண்டாவதில்லை. ஆகையால் அது அநேகமாகப் பூப்பதே இல்லை என்பது 2016-ல் வெளியான ஆய்வின் முடிவு. தனக்கே ஒரு பூவை உண்டாக்க இயலாத கொடியிடம் செல்வம் கேட்கிறோம். போதாக்குறைக்கு, அதைப் பாட்டில் நீரில் இட்டு வாரக்கணக்கில் நீரை மாற்றாமல் விடுகிறோம். அந்தத் தெளிந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பாட்டிலைக் கவிழ்க்கும்போது, நம் வீட்டு இலட்சுமியைக் கவிழ்த்ததாகச் சினம் கொள்கிறோம்.

இரண்டாவது பொய், வீட்டுக்குள் உள்ள செடி காற்றைத் தூய்மையாக்கும் என்பது. இதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1989-ல் நாசா அறிஞர்கள் ஆய்வு செய்தது உண்மை. ஆனால் அவர்கள் செடிகளை வைத்தது காற்றுப் புகாத சிறு கூடுகளில். நாம் வாழ்வது கதவும் சன்னலும் உள்ள வீட்டில். இத்தகைய ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்துக் கணக்கிட்ட இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட முடிவு இது: கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும். அதற்கு விலையும் இல்லை.

மூன்றாவது பொய் மிகவும் நயமானது. நாமே அதில் விழுந்தோம். நாள்தோறும் நீர் ஊற்றுவதே அன்பு என்பது அது. நமது குருத்துவ வெள்ளி விழாவின்போது அன்பர் ஒருவர் இத்தகைய கொடி ஒன்றைப் பங்கு இல்லத்திற்கு அளித்தார். காலையில் நாம் ஊற்றினோம். நண்பகலில் சமையற்காரர் ஊற்றினார். மாலையில் கோவில்பிள்ளை ஊற்றினார். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. ஒரே மாதத்தில் இலைகள் மஞ்சளாயின. "தண்ணீர் போதவில்லை" என்று முடிவு செய்து மேலும் ஊற்றினோம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்துக் கூழாகி நாற்றமெடுத்தன.

வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மரத்தில் தொற்றி வாழும் கொடிக்கு இது இன்னும் கண்டிப்பு. வெறும் செம்மண்ணை நிரப்பினால் அது களிமண்ணாக இறுகும். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்த்தூள், கரித்துண்டு, மரப்பட்டைத் துண்டு, சிறிது தொழுவுரம் எனக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இட வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். மின்விசிறிக்கும் குளிரூட்டும் கருவிக்கும் நேர் கீழே வைக்கலாகாது. நம் கோடைக் காற்று இக்கொடிக்கு மிக வறட்சி; பல தொட்டிகளை நெருக்கி வைத்தால் அவற்றுக்கிடையே ஈரம் தங்கும். இலையின் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் ஒளி புகும்.

இவ்வளவுதான் இக்கலை. கொடுப்பவருக்குக் கொடுக்கத் தோன்றுவதைப் பார்ப்பதில்லை; பெறுவதற்கு என்ன தேவை என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். குருவாகிய நமக்கு இதைக் கற்பிக்க ஒரு கொடி சாக வேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அபூர்வம் என்னும் மயக்கம்

இனி விலைக்கு வருவோம். 2021-ல் நியூசிலாந்து நாட்டில், ஒன்பது இலைகள் கொண்ட ஒரு கொடி ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்கு விற்கப்பட்டது. அது மான்ஸ்டெரா கூட அன்று. அதைப் போன்ற தோற்றமுடைய, தாய்லாந்து, மலேசியக் காடுகளைச் சேர்ந்த ராபிடோபோரா. அதில் வெண்மை விழுந்த ஒரு செடி. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட உலகம் அபூர்வச் செடிகளின் மீது பித்துக்கொண்ட காலம் அது. 2020-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு அரசு, காட்டுச் செடிகளைப் பெயர்த்தெடுத்து விற்பது குற்றம் என எச்சரிக்க நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வர்களின் ஆர்க்கிட் மோகத்திற்காகக் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துப் பூச்செடிகளைப் பறித்த வரலாறு நம் காலத்தில் மீண்டும் நடந்தது.

அதன் பின் என்ன ஆயிற்று? ஆய்வுக்கூடங்களில் திசு வளர்ப்பு முறையில் இக்கொடிகளுள் பலவற்றைப் பெருக்கினர், சந்தையில் குவிந்தன, விலை சரிந்தது. கொடி அதே கொடிதான். அயலார் வீட்டில் இல்லை என்ற மகிழ்ச்சிக்கே மிகுந்த விலை கொடுத்திருந்தோம். இது பரிசேயனின் மகிழ்ச்சி. மற்றவர்களைப் போல் நான் இல்லை என்று ஆலயத்தில் நின்று நன்றி சொன்னவனின் மகிழ்ச்சி.

உண்மையிலேயே அருகிவரும் கொடிகள் நம் அருகிலேயே உள்ளன. கிழக்குத் தொடர் மலைகளின் பாறை இடுக்குகளில் படரும் மாகாளிக் கொடியை எத்தனை பேர் பார்த்திருப்போம்? அதன் கிழங்கை ஊறுகாயாக உண்டிருப்போம். கிழங்கைத் தோண்டினால் கொடி போயிற்று. தோண்டுவது மிகுந்து, காட்டில் அது அருகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில், மான்ஸ்டெராவைப் போலவே ஓட்டை விழுந்த இலைகளோடு மரமேறும் உறவுக் கொடி உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளே ஒரு கொடிதான். தன் இலை நுனியையே சுருளாக்கிப் பற்றி ஏறுகிறது. தமிழகத்துச் செடிகொடிகளைத் தேடிக் காடும் மேடும் அலைந்து, 1967-ல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவி, 1981 தொடங்கிப் பல தொகுதிகளாகத் தமிழ்நாட்டுத் தாவரங்களை விவரித்த இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ அடிகளாரின் பெயரை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? 2004-ல் மறைந்த அவர் செடியை விலையால் அளக்கவில்லை; பெயர் சொல்லி அறிந்தார்.

நீர் கூறும் சாட்சியம்

நம் மாவட்டத்தில் கொடி வளர்ப்பவர் அனைவரையும் தோற்கடிப்பது நீர்தான். தருமபுரியின் அடித்தளம் கடும்பாறை. அப்பாறையின் கனிமங்களிலிருந்து புளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. கிணற்றை ஆழமாக்க ஆழமாக்க, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரை எடுக்கிறோம். குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லையேல் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வரம்பை மீறிய கிணறுகள் இம்மாவட்டத்தில் பல இருந்ததனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் சேர்ந்திருப்பது நம் மண்ணின் துயரத்தைச் சொல்லப் போதும்.

இந்நீரைச் செடிகள் காட்டிக்கொடுக்கும். டிரசீனா, சிலந்திச் செடி போன்றவை புளூரைடைச் சிறிதும் பொறுப்பதில்லை. இலை நுனி பழுப்பேறிச் சாகும். மான்ஸ்டெரா போன்ற கொடிகளின் தொட்டியிலோ கடின நீரின் உப்புகள் படிந்துகொண்டே போகும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டினால் அதுவே அடையாளம். வேர் நொந்து நுனி கருகும். நீரைக் கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சிய நீரில் இன்னும் செறியும். சுத்திகரிக்கும் கருவி கழிவாக வெளியேற்றும் நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுவோர் உண்டு. நீக்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்நீரில்தான். கொடிக்கு ஏற்றது மழைநீர். 2003-ல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் நம் வீடுகளில் உடைந்து தொங்குகிறது. அதைச் செப்பனிட்டு ஒரு பீப்பாயை மூடியோடு வைத்தால், கொடிக்குக் கேன் தேவையே இல்லை.

இத்தனையும் செடி வளர்ப்போர் தாமே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவேதான் அவர்களிடம் நாம் கூடுதலாகக் கேட்கிறோம். இலை நுனியைப் பார்த்து நீரைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்குப் பல்லைப் பார்த்து நீரைச் சந்தேகிக்கத் தெரியாதா? குழந்தையின் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான புளூரைடு உட்சென்றால் எனாமல் பழுதாகிறது. கறை பிறகு நீங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் மிக அதிகமாக உட்சென்றால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. கருகிய இலையை நறுக்கிவிட்டால் கொடி புது இலை விடும். நிலைப்பல் ஒருமுறைதான் முளைக்கும்.

இரு மறுப்புகள்

நம்மை மறுப்போர் இரு திசையிலிருந்தும் வருவர். ஒரு சாரார், "ஏழைகள் வாழும் ஊரில் அபூர்வக் கொடி எதற்கு? விற்று அவர்களுக்குக் கொடுக்கலாமே" என்பர். இக்குரலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைக் கண்டு ஏழைகளின் பெயரால் முணுமுணுத்தவன் யூதாசு. அவன் கையில் பணப்பை இருந்தது. அழகுக்கு மனித வாழ்வில் இடமுண்டு. கணவனை இழந்து தனித்திருக்கும் ஒரு முதியவர், காலையில் சுருள் விரியும் ஒரு புதிய இலைக்காக எழுந்திருப்பதை நாம் அறிவோம். அவரிடமிருந்து அத்தொட்டியைப் பறிப்பது புண்ணியம் ஆகாது.

இன்னொரு சாரார், "செடி என் பணத்தில் வாங்கியது, தண்ணீர் என் பணத்தில் வாங்கியது; வேலைக்காரி வீட்டுக் குடத்திற்கு நான் பொறுப்பா?" என்பர். இவர்களை யோனாவிடம் அனுப்புகிறோம்.

நினிவே நகர் அழியவில்லையே என்று சினந்து, நகருக்கு வெளியே அமர்ந்த யோனாவின் தலைக்கு மேல் ஒரே இரவில் ஒரு செடி வளர்ந்து நிழல் தந்தது. மறுநாள் புழு அரித்து வாடிற்று. யோனா சாகவும் துணிந்தார். அச்செடி எது என்பதில் ஒரு பழைய வழக்கு உண்டு. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அதைச் சுரைக்கொடி என்றது. புனித ஜெரோம் தம் புதிய மொழிபெயர்ப்பில் ஐவி என்னும் படர்கொடியின் பெயரை இட்டார். நம் தமிழ் விவிலியமோ ஆமணக்கு என்கிறது. வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில், அதாவது இன்றைய திரிப்பொலியில், ஆயர் ஒருவர் ஜெரோமின் மொழிபெயர்ப்பை ஆலயத்தில் வாசிக்கச் செய்தபோது மக்கள் கொந்தளித்தனர். ஆயர் தம் மக்களையே இழக்கும் நிலைக்கு வந்தார் என்று புனித அகுஸ்தினார் 403-ல் ஜெரோமுக்கு எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். ஒரு கொடியின் பெயருக்காக ஆலயத்தில் கலகம்! அந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டதோ அதை அன்று எத்தனை பேர் கேட்டனரோ நாம் அறியோம். நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு இரங்கும் நீ, வலக்கை எது இடக்கை எது என்று அறியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்காக நான் இரங்கலாகாதா என்பதே இறைவன் யோனாவிடம் கேட்ட கேள்வியின் சாரம். செடிக்கு இரங்கியதற்காக இறைவன் யோனாவைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த இரக்கத்தையே ஆதாரமாகக் காட்டி, அதை நகரத்தின் பக்கம் திருப்பச் சொன்னார்.

நமது ஒப்புதல்

அந்த அம்மையாரைக் குற்றம் சாட்டிய சூட்டோடு பங்கு இல்லம் திரும்பினோம். நம் கிழக்குச் சன்னலில் இரண்டாவது கொடி நிற்கிறது. முதலாவது செத்த பிறகு வந்தது. அதற்கு நாம் ஊற்றுவது எங்கிருந்து? சமையலறைச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து. ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் குழந்தைகள் குடிப்பது எங்கிருந்து? ஆலயத்தின் பின்புறம், ஆழ்துளைக் கிணற்றுக் குழாயிலிருந்து. இத்தனை ஆண்டுகள் அவ்விரு குழாய்களையும் நாள்தோறும் கடந்து நடந்திருக்கிறோம்.

அந்த வாரமே நீரை ஆய்வுக்கு அனுப்பினோம்; புளூரைடு வரம்பைத் தாண்டியிருந்தது. இப்போது ஆலய முற்றத்தில் குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் சுத்திகரித்த நீர் இருக்கிறது. நம் கொடி மழைநீரைக் குடிக்கிறது, குறையொன்றும் காணோம். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. தாமதமாகச் செய்த கடமை.

எனவே வாசகர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. அபூர்வக் கொடி வாங்கும் முன், எந்தச் சன்னலில் வைப்பது, யார் ஒருவர் மட்டும் நீர் ஊற்றுவது, எந்தக் காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ அது வந்தது என்று கேளுங்கள். விடை இல்லையேல் வாங்காதீர்கள். வாங்கினால், சாகவிடாதீர்கள். உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதியுங்கள். கொடிக்கு ஆகாத நீர் என்று நீங்கள் விலக்கிய நீரை உங்கள் வீட்டில் உழைப்பவர் குடத்தில் எடுத்துச் செல்ல விடாதீர்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவர் கேட்க மாட்டார்.

அன்று குடத்தை இடுப்பில் ஏற்றியபடியே அப்பெண், "சின்னவனுக்கு மூணு வயசு, சாமி. அவனையும் மந்திரிக்கணும், எங்க வீட்டுக்கும் வாங்க" என்றார். சென்றோம். திண்ணையில் அமர்ந்து, அந்த நீரைத்தான், ஒரு தம்ளரில் குடித்துக்கொண்டிருந்தான் அவன். அவனுடைய நிலைப்பற்கள் இன்னும் வெளிவரவில்லை, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவன் அக்காளுக்குக் காலம் கடந்துவிட்டது. அவனுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.